சனிக்கிழமை எண்ணெய்

என் கையெழுத்தை முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு பட்டறைக்கு வந்தவன் நான். அன்றிலிருந்து இந்தக் கை பிடித்ததெல்லாம் ஸ்பேனரும் வெர்னியரும்தான். பேனாவைப் பிடித்தால் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகிறது. எந்த இடத்தில் எந்த 'ற' என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. தப்பைப் பார்த்தால் நீங்களே மனதில் திருத்திக்கொண்டு படியுங்கள். நடந்ததைச் சொல்வதில் மட்டும் தப்பு வராமல் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வருஷமாக அதைச் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு இரண்டு சந்து உள்ளே தள்ளி எங்கள் பட்டறை. நாலு லேத்து, ஒரு மில்லிங் மெஷின். தண்ணீர் பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் கடைந்து கொடுக்கிறோம். பட்டறையை ஒட்டி வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள்தான் அந்தக் கார் நின்றது. இரண்டே கதவு, இடுப்புயரம்கூட இல்லை, சாவியைத் திருப்பினால் கொட்டகைத் தகரம் அதிரும்.

சின்ன வயதில் நான் வேலை பார்த்த பட்டறைக்குப் பந்தயக் கார்கள் வரும். புஷ் கடைவது, ஷாஃப்ட் சரிபார்ப்பது எல்லாம் எங்களிடம்தான். வேலை முடிந்ததும் வாசலில் நிறுத்தி உறுமவிட்டுப் பார்ப்பார்கள். எல்லோரும் ஓடிப்போய் நிற்பார்கள். எனக்குக் கூட்டத்தில் நிற்கக் கூச்சம். லேத்துக்குப் பின்னாலிருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்பேன். நாற்பத்தாறு வயதில், ஒரு மில்லுக்காரர் வீட்டில் ஓட்டாமல் நிறுத்தியிருந்த அப்படி ஒரு கார் விற்பனைக்கு வந்தது. யாரிடமும் யோசனை கேட்காமல் வாங்கிவிட்டேன்.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, ஓட்டுவதற்கு எனக்கு வெட்கம் என்று. ஒரே ஒரு தடவை காந்திபுரம் வரை எடுத்துப்போனேன். சிக்னலில் நின்றபோது டவுன் பஸ் ஜன்னலிலிருந்து எல்லோரும் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். பைக்கில் பக்கத்தில் நின்றவர் குனிந்து என்னைப் பார்த்து, "ஏனுங்க, ஓனர் வரலீங்களா?" என்றார்.

"வருவாருங்க" என்றேன்.

அதற்கப்புறம் காரை வெளியே எடுக்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டேன். அப்படிப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் பட்டறையில் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வேலையை நிறுத்திவிடுவோம். திருப்பூர் பனியன் வேஸ்ட்டை எடுத்து மெஷின்களைத் துடைத்து, லேத்துப் படுக்கை முழுக்க எண்ணெய் தடவி மூடிவைப்போம். எண்ணெய் பட்ட இரும்பில் துரு ஏறாது. எனக்குத் தெரிந்த ஒரே பாடம் அது. அதே வேஸ்ட்டோடு நான் கொட்டகைக்குள் போவேன். அலாய் வீலின் ஒவ்வொரு கம்பிக்கு இடையிலும் பல் தேய்க்கும் பிரஷை விட்டுத் துடைப்பேன். வீல் நெளிந்திருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்ப்பேன். முள் அசையாது. ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகிவிடும் என்று கேள்விப்பட்டு, வாரம் ஒரு தடவை வண்டியைக் கால்சுற்று தள்ளி நிறுத்துவேன். டயரின் காடி எவ்வளவு ஆழம் என்று வெர்னியரை வைத்து அளப்பேன். ஒரு நூல்கூடத் தேயவில்லை. கடைசியில் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி நாலு டயருக்கும் தேய்ப்பேன். பட்டறை எண்ணெய் நாறும் என்றுதான் தேங்காயெண்ணெய். டயர் குடித்துக்கொண்டு கருகருவென்று மின்னும்.

வீட்டுக்காரி வாசற்படியில் நின்று பார்ப்பாள்.

"ஏனுங்க, எங்கப்பன் ஊட்டு எருமைகூட இப்படி எண்ண தேச்சுக்கிட்டதில்லீங்க."

நான் சிரிப்பேன்.

"கோயில் தேராச்சும் வருசத்துக்கு ஒருக்கா நகருமுங்க" என்பாள் போகும்போது.

நாலு வருஷம், ஒரு சனிக்கிழமை தவறாமல் தேய்த்தேன்.

முதலில் ஏதோ சரியில்லை என்று பட்டது ஆயுத பூஜையன்று. பட்டறை பூஜை முடிந்து காருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள் வீட்டுக்காரி. நான் வண்டியை மெல்ல முன்னால் விட்டேன். மூன்று பழம் நசுங்கிற்று. இடதுபக்கப் பின்சக்கரத்துப் பழம் மட்டும் வழுக்கி, முழுசாக வெளியே உருண்டு, சுவரோரம் போய் நின்றது. அவள் முகம் மாறிவிட்டது.

"எண்ண வழுக்கிருச்சு அம்மணி, வேறொண்ணுமில்ல" என்றேன்.

அவள் பழத்தை எடுத்து மறுபடி வைத்தாள். இரண்டாவது தடவை நசுங்கியது. நசுங்கிய பழத்தின் மேல் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று விரலில் வந்தது. மண் என்று நினைத்துக் கழுவிக்கொண்டேன்.

அந்த மார்கழியில் அதே பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. வீலைக் கழற்றி, வார்ப்பு இரும்புக் காஸ்டிங் ஏற்றும் எங்கள் சின்ன யானை சரக்கு வண்டியில் போட்டுக்கொண்டு உக்கடம் போனேன். அங்கே பழைய சந்து ஒன்றில் ஒரு பாய் டயர் கடை வைத்திருக்கிறார். மூன்று தலைமுறையாக டயர்தான். அவர் வீலைத் தரையில் உருட்டிவிட்டு, நிறுத்தி, மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏனுங்க, என்னத்தத் தேச்சீங்க இதுல?"

"தேங்காண்ணைங்க பாய். வாராவாரம்."

"ஊறுகா போடவா?"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பாயும் சிரித்தார், ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார். டயரைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். நான் எண்ணெய் தேய்த்தாலும் குனிந்து பார்க்காத பக்கம் அது. வற்றிய குளத்துத் தரை மாதிரி வெடிப்பு வெடிப்பாக இருந்தது. அவர் கட்டைவிரல் நகத்தால் கீறினார். ஓரத்தில் ரப்பர் பொடியாக உதிர்ந்தது. பிறகு டயர்ச் சுவரில் அச்சிட்டிருந்த ஒரு வரியின் கடைசி நாலு எண்ணைத் தொட்டுக் காட்டினார். முதல் இரண்டும் எத்தனையாவது வாரம், பின் இரண்டும் எந்த வருஷம். டயர் பிறந்த தேதி அது. அதைப் பல தடவை துடைத்திருக்கிறேன். ஏதோ மாடல் நம்பர் என்று நினைத்திருந்தேன்.

"ஒம்பது வருசமாச்சுங்க இது செஞ்சு. ஓடாம ஒக்காந்தே கெழடாயிருச்சு. அதுக்கு மேல நீங்க எண்ணய வேற ஊத்தி ஊற வெச்சுட்டீங்க."

"காடி தேயவே இல்லீங்களே பாய். வெர்னியர் வெச்சு அளந்தனுங்க."

"அளவு சரிங்கண்ணா. ஆனா இது இரும்பு இல்லீங்களே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாலும் இதே வயசுதான இருக்கும்? இந்த சைசு இங்க கெடைக்காது, சென்னைக்குச் சொல்லி வர வெக்கணும். சொல்லட்டுங்களா?"

"வந்து சொல்றனுங்க" என்றேன்.

"சரிங்க. நிறுத்தி வெச்சு அழகு பாருங்க, தப்பில்ல. ரோட்டுல வேகம் மட்டும் போயிராதீங்க. சூட்டுல கழண்டுக்கும். சொல்லிப்போட்டேன்."

வரும் வழியெல்லாம் எனக்கு அந்த நாலு பேர் சிரித்ததுதான் காதில் இருந்தது. நான் திரும்பிப் போகவில்லை. எப்படியும் நான் ஓட்டப் போவதில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்காரியிடமும் சொல்லவில்லை. அவள் எருமைப் பேச்சை எடுப்பாள். அந்த வாரம் எண்ணெய் தேய்க்கவில்லை. டயர் நாலும் வெளுத்து, சாம்பல் பூத்த மாதிரி, கிழடாகவே தெரிந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி தேய்த்தேன். பழையபடி மின்னின.

மகளுக்கு அதற்கு முந்தின வருஷம்தான் கல்யாணமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஈரோடு. துணி வியாபாரம் செய்யும் குடும்பம். கலகலவென்று பேசுவார். நான் பேசாமல் இருப்பதைக் குறையாகவே எடுத்துக்கொள்ள மாட்டார், எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். பங்குனியில் இரண்டு பேரும் வந்து நாலு நாள் தங்கினார்கள். ஜாதகத்தில் ஏதோ இருக்கிறது என்று கொடுமுடி போய்ப் பரிகாரம் செய்ய நாள் குறித்திருந்தார்கள். காலையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை கேட்டார்.

"மாமா, கொட்டகையில நிக்கறதை எடுத்துட்டுப் போகட்டுங்களா? சாமியும் ஒருக்கா பாக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வாய்விட்டு ஒன்றைக் கேட்டு மாமனார் இல்லை என்று சொல்வது கிடையாது. வீட்டுக்காரி எனக்கு முன்னால், "அதுக்கென்னங்க மாப்பிள்ளை, தாராளமா" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு உக்கடம் கதை தெரியாதே.

"அந்த வண்டில ஏசி சரியில்லீங்க மாப்பிள்ளை. நம்ம வேனை எடுத்துக்கலாமுங்களே" என்றேன்.

"சின்ன யானையிலயா? நான் என்ன காஸ்டிங்குங்களா மாமா?"

மகள் புரையேறச் சிரித்தாள். டயர் கிழடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்பார், தெரிந்தும் ஏன் மாற்றவில்லை என்பார், தேங்காயெண்ணெய் வெளியே வரும், எல்லோரும் சிரிப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். அதற்குப் பயந்தேன்.

கொட்டகையில் மாப்பிள்ளை சக்கரத்தருகே குந்தி, டயரைத் தட்டிப் பார்த்தார்.

"ஷோரூம்ல நிக்கற மாதிரி இருக்குதுங்க மாமா. எப்படித்தான் வெச்சிருக்கீங்களோ!"

"மெதுவாப் போங்க மாப்பிள்ளை."

"மெதுவாப் போறதுக்கா மாமா இதைச் செஞ்சாங்க?"

மகள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். "ஏனுங்கப்பா, உங்க மொகம் ஏன் இப்படி இருக்குது? வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுங்க, பத்திரமாக் கொண்டாந்து உடறோம்."

"வண்டி கெடக்குது கண்ணு" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

அவர்கள் போன பிறகு கொட்டகைக்குள் நின்றேன். கார் நின்ற இடத்தில் தரையில் நாலு கருப்புத் தடம். மூன்று வெறும் எண்ணெய்க் கறை. இடதுபக்கப் பின் தடத்தில் உள்ளங்கையளவு ரப்பரே பெயர்ந்து சிமெண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குந்திப் பிடித்து இழுத்தேன். ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது.

மகளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போட்டேன். எடுக்கவில்லை. சின்ன யானையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரி ஓடிவந்து, "எங்கீங்க, சட்டையைக்கூட மாத்தாம?" என்றாள். காதில் விழாத மாதிரி திருப்பிவிட்டேன்.

அன்னூர் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. அவினாசியில் பெரிய ரோட்டைப் பிடித்தேன். ஆறு வண்டி பக்கம் பக்கமாகப் போகும் ரோடு. அந்தக் கார் பிறந்ததே இப்படி ஒரு ரோட்டுக்குத்தான், மாப்பிள்ளை இங்கே மெதுவாகப் போயிருக்க மாட்டார். என் வண்டி எண்பதைத் தாண்டாது. மிதித்த மிதியில் பின்னால் காலி டிரே தடதடவென்று அடித்துக்கொண்டது. ஒவ்வொரு பாலம் ஏறும்போதும் அந்தப் பக்கம் என்ன தெரியப் போகிறதோ என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியாது. ரோடு வெள்ளையாக நீண்டு கிடக்கும். சரி, கொடுமுடி போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைப்பேன். அடுத்த பாலம் வரும்.

பெருந்துறைக்கு முன்னால் ரோட்டில் பாம்பு ஒன்று செத்துக் கிடந்தது. ஒதுக்கித் தாண்டிய பிறகுதான் அது பாம்பில்லை என்று உறைத்தது. ஓரங்கட்டி இறங்கி நடந்து வந்தேன். டயரின் மேல்பட்டை, பக்கச் சுவரும் ஒரு துண்டு அதோடு ஒட்டியிருந்தது. இரண்டு முழம் நீளம், கம்பி நூல் நூலாகத் தொங்கிற்று. காடிகள் புத்தம் புதிதாக, தேயாமல் இருந்தன. லாரி டயர் தினமும் எத்தனையோ இப்படிக் கிழிந்து கிடக்கும். கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். வெயிலில் காய்ந்திருந்த ரப்பரில் தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது.

அதைக் கையில் பிடித்தபடியே முன்னால் ஓடினேன். வண்டி ஓட்டிப் போகலாம் என்று தோன்றவில்லை. கொஞ்ச தூரத்தில் ரோட்டு நடுவே வைத்திருக்கும் அரளிச் செடிகள் ஒரு இடத்தில் படுத்துக் கிடந்தன. அதற்குள் கார் குறுக்காகச் செருகி நின்றது. கூட்டம் நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ரத்தம், தலைமுடியெல்லாம் அரளிப்பூ. என்னைப் பார்த்ததும், "அப்பா, அவரை எடுக்க முடியலீங்க, கால் மாட்டிக்கிச்சு" என்றாள். மாப்பிள்ளை பக்கத்துக் கதவு ரோட்டு நடுத் திண்டில் மோதி உள்ளே மடங்கியிருந்தது. கடப்பாரை போட்டுத்தான் எடுத்தார்கள். வலது முட்டி போயிருந்தது.

ஈரோட்டு ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் மாப்பிள்ளை முதலில் தேடியது என்னை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மாமா. மெதுவாப் போகச் சொன்னீங்க. நான்தான் வேகமாப் போயி உங்க வண்டியை ஒடச்சுப்போட்டேன்."

"வண்டி போனாப் போகுதுங்க மாப்பிள்ளை" என்றேன்.

அறையில் சம்பந்தி வீட்டார் எல்லோரும் இருந்தார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு, கொடுமுடிச் சாமி காப்பாத்துச்சு என்றார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த டயர்ப் பட்டையை அப்போதே சின்ன யானையின் சீட்டுக்கு அடியில் தள்ளியிருந்தேன். இன்று காலை வரை அங்கேதான் இருந்தது. வெயில் நாளில் வண்டிக்குள் வாசம் வரும்.

மாப்பிள்ளைக்கு முட்டியில் தகடு வைத்திருக்கிறார்கள். கால் முழுதாக மடங்காது. சாப்பிடத் தரையில் உட்கார முடியாது. பேச்சும் பாதியாகிவிட்டது. விருந்துக்கு வரும்போதெல்லாம் காலி கொட்டகையைப் பார்த்துவிட்டு, "என்னாலதானுங்க மாமா" என்பார். "விடுங்க மாப்பிள்ளை" என்பேன். இரண்டு வருஷமாக, நான் செய்த தப்புக்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், நான் கொடுக்கிறேன்.

இதை அப்படியே சாகும்வரை கொண்டுபோயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். போன வாரம் மாப்பிள்ளை போன் செய்தார். பழைய மாதிரி குரலில் சந்தோஷம்.

"மாமா, ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. அன்னைக்குப் பெருந்துறைக்கு இழுத்துட்டுப் போனாங்களே உங்க வண்டி, அதை அங்கயே ஒரு ஒர்க்‌ஷாப்புல உட்டு ரெடி பண்ணிட்டனுங்க. ஆறு மாசமா நடக்குது. உங்க மகளுக்குக்கூட இப்பத்தான் தெரியும். டயருக்குத்தான் அலைஞ்சேன், இப்ப நாலும் கெடச்சிருச்சு."

"புதுசுங்களா மாப்பிள்ளை?"

"புது மாதிரிதானுங்க! ஒருத்தர் வாங்கி மாட்டி ஓட்டவே இல்லையாமா. குடோன்ல நிறுத்தி அப்படி வெச்சிருந்திருக்காரு. நீங்க வெச்சிருந்தீங்களே, அதே மாதிரி. கருகருன்னு மின்னுது."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மாப்பிள்ளை, டயர் சைடுல கடைசி நாலு நம்பர் என்ன போட்டிருக்குதுன்னு பாருங்க."

"நம்பர்ல என்னங்க மாமா இருக்குது? காடி அப்படியே முழுசா இருக்குது. வர்ற வெள்ளிக்கிழமை நானே ஓட்டிட்டு வாரேன். ஓட்டிப் பாத்தாத்தான் என் பயமும் போகும். உங்க மகளும் கூட வருவா."

அதன்பிறகு மூன்று தடவை போன் செய்துவிட்டேன். மூன்று தடவையும், "சாப்ட்டாச்சுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டு வைத்துவிட்டேன். வாய் எனக்கு எப்போதும் உதவியதில்லை.

இன்று துடியலூரில் மாதாந்திரக் கரண்ட் நிறுத்தம். லேத்துகள் சும்மா நிற்கின்றன. காலையிலிருந்து ஜாப் எழுதும் நோட்டில் உட்கார்ந்து இதை எழுதினேன். வீட்டுக்காரி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை, எழுதி முடித்ததும் சின்ன யானையில் ஈரோடு கிளம்புகிறேன், அவளையும் ஏற்றிக்கொள்ளப் போகிறேன். அவளுக்கும் தெரியாதே. சீட்டுக்கு அடியிலிருந்து டயர்ப் பட்டையை எடுத்து மடியில் வைத்திருக்கிறேன். அதன் சுவரில் அந்த நாலு எண் இன்னும் படிக்கும்படியாகத்தான் இருக்கிறது. நோட்டையும் இதையும் மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். பிறகு அவர் என்ன சொன்னாலும் சரி. படிக்காமல் சாவியை எடுத்தால் இந்த முறை கையைப் பிடிப்பேன்.

ஆடி மாதம் இருபத்தியொன்று, வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை மணி.